வில் குறியும் ஒத்திகைக் கோபமும்

மதிப்பிற்குரிய ஐயா,

என் மகள் உயர்நிலைப் பள்ளியில் இணைப்பாட நடவடிக்கையாக இசைக்குழுவில் வயலின் வாசிக்கிறாள். வில்லை எந்தத் திசையில் இழுப்பது என்று இசைத்தாளில் காட்டும் வில் குறிகளை ஒவ்வோர் ஒத்திகையிலும் அழித்து அழித்து எழுதச் சொல்கிறார்களாம். இசை நடத்துநர் சத்தம் போடுகிறாராம். எஸ்பிளனேட் கலையரங்கில் வாசிக்கும் பெரிய குழுக்களிலும் நடத்துநர் சொன்னதுதான் சட்டமா? யாரிடம் பேசுவது?

ஒரு தாய், செங்காங்

அன்புள்ள அம்மா,

முதல் ஒத்திகைக்கு முன் மகள் கைக்கு வந்த இசைத்தாளில் வில் குறி இருந்ததா என்று கேட்டுப் பாருங்கள். சிக்கல் பெரும்பாலும் அங்கேதான் தொடங்குகிறது.

தொழில்முறைக் குழுவில் வில்லை மேலே தள்ளுவதா, கீழே இழுப்பதா என்பதை முதல் வயலின் தலைவரான கான்செர்ட் மாஸ்டர் பென்சிலால் குறிப்பார். மற்றத் தந்திப் பிரிவுத் தலைவர்கள் அதை ஒட்டித் தங்கள் தாளில் எழுதுவார்கள். இசைத்தாள் நூலகர் எல்லாப் பிரதிகளிலும் எழுதுவார். முதல் வயலின் 16, இரண்டாம் வயலின் 14, வயோலா 12, செல்லோ 10, டபுள் பாஸ் 8 என்றால் 60 பேர்; இருவருக்கு ஒன்றாக 30 தாள். இதை ஒத்திகைக்கு முன்பே முடித்தாக வேண்டும். மேடையில் ஒரு குறி மாறினால் முன்வரிசையிலிருந்து கடைசி வரிசை வரை சொல்லியனுப்ப வேண்டும். ஒரு தாளைப் பகிரும் இருவரில் உள்பக்கம் இருப்பவர் வயலினை இறக்கிவிட்டு எழுதுவார். அதுவரை ஊதுகருவிக்காரர்கள் சும்மா இருப்பார்கள். இப்படிப் பத்து முறை நடந்தால் யாருக்கும் பொறுமை போய்விடும்.

ஒத்திகை அட்டவணையும் அப்படித்தான். பீத்தோவனின் ஐந்தாம் சிம்பொனியில் டிராம்போன் என்ற ஊதுகருவிகள் கடைசிப் பகுதியில்தான் வருகின்றன. முதலிலிருந்து வரிசையாகப் போனால் அதை வாசிக்கும் மூவரும் வெறுமனே காத்திருப்பார்கள். கடைசிப் பகுதியை முதலில் எடுத்தால் அவர்களை வீட்டுக்கு அனுப்பிவிடலாம். நடத்துநரும் குழு மேலாளரும் முன்கூட்டியே பேசினால்தான் இது நடக்கும்.

நடத்துநர் சொல்வது சட்டமா என்றால், எல்லா இடத்திலும் அப்படியில்லை. வியன்னா பில்ஹார்மோனிக் இசைக்குழு 1933 முதல் நிரந்தர நடத்துநர் இல்லாமலே இயங்குகிறது. யாரை அழைப்பது என்பதை வாசிப்பவர்களே முடிவு செய்கிறார்கள்.

வில் பற்றிய சந்தேகத்தை மகள் தன் பிரிவுத் தலைவரிடம் சொல்லட்டும்; அவர் கையை உயர்த்தி நடத்துநரிடம் கேட்பார். உட்காரும் இடம், விடுப்பு, நேரம் ஆகியவை பொறுப்பாசிரியரின் வேலை. அவற்றை ஒத்திகை நடுவே நடத்துநரிடம் கேட்டால் வம்புதான். ஆனால் ஒரு பிள்ளையைப் பெயர் சொல்லி அவமானப்படுத்தினால், அன்றே பொறுப்பாசிரியரைப் பாருங்கள். அதற்கு எந்த இசையும் சாக்கு ஆகாது.

அடுத்த பருவத்துக்குப் பொறுப்பாசிரியரிடம் ஒன்று கேளுங்கள்: “வில் குறி போட்ட தாள் எப்போது கிடைக்கும்?” மகளின் பையில் 2பி பென்சிலும் அழிப்பானும் இருக்கட்டும். வாடகைக்கு எடுத்த இசைத்தாளில் பேனா படக்கூடாது.