365ஏ பிரிவு: கேட்டவர்களுக்குப் பதில்கள்

கேள்வி (வவுனியா): இந்தியாவில் ஒருபாலின உறவைக் குற்றமாக்கிய 377ஆவது பிரிவின் கொடுமையை 2018இல் உச்ச நீதிமன்றமே நீக்கியது. அதேபோல ஒருபாலின உறவைத் தண்டிக்கும் இலங்கைத் தண்டனைச் சட்டக் கோவையின் 365ஏ பிரிவுக்கு எதிராக ஏன் யாரும் அப்படி வழக்குப் போடவில்லை?

பதில்: அந்தக் கதவு அடைத்திருக்கிறது. 1978 அரசியலமைப்பின் 16(1) உறுப்புரைப்படி, அதற்கு முன்பிருந்த சட்டங்கள் அடிப்படை உரிமைகளுக்கு முரணானாலும் செல்லுபடியாகும். 1995இல் 365ஏ திருத்தப்பட்டதே என்று கேட்கலாம். பாராளுமன்றம் நிறைவேற்றிய சட்டத்தை நீதிமன்றம் கேள்வி கேட்க 80(3) உறுப்புரை இடம் தராது. அந்தத் திருத்தம் செய்ததும் அநியாயமே: 'ஆண்கள்' என்றிருந்ததை 'நபர்கள்' என்றாக்கிப் பெண்களையும் குற்றவாளிகளாக்கியது.

அதனால்தான் பால்புதுமையினர் உரிமைக்கான 'ஈக்குவல் கிரவுண்ட்' அமைப்பை நிறுவிய ரோசன்னா ஃப்ளேமர்-கல்தேரா, பெண்களுக்கெதிரான பாகுபாட்டை ஒழிக்கும் உடன்படிக்கையைக் கண்காணிக்கும் ஐ.நா.வின் சீடோ குழுவிடம் முறையிட்டார். பெண்களுக்கிடையிலான உறவைக் குற்றமாக்குவது சீடோ உடன்படிக்கைக்கு முரண் என்று 2022இல் அக்குழு முடிவு சொன்னது. எந்தச் சர்வதேசக் குழுவும் அதற்கு முன் அப்படிச் சொன்னதில்லை. உள்நாட்டில் வழியில்லாத ஒரு பெண் உலகத்துக்கே முன்னுதாரணம் தேடித் தந்தார் என்பதை நம் பள்ளிக்கூடங்களில் சொல்லித்தர வேண்டும்.

கேள்வி (மட்டக்களப்பு): யாரையும் சிறையில் போடுவதில்லையே, பிறகு எதற்கு இத்தனை ஆரவாரம்?

பதில்: 365ஏயின் தண்டனை இரண்டு ஆண்டுகள் வரை. தண்டனை வரைக்கும் போகவே வேண்டாம். கைதுப் பயம், பணப் பறிப்பு, குடும்பத்துக்குச் சொல்லிவிடுவோம் என்ற மிரட்டல், கட்டாய உடற்பரிசோதனை எல்லாம் இந்தப் பிரிவின் நிழலில்தான் நடக்கின்றன. திருநங்கையர்மீது அலைந்து திரிவோர் கட்டளைச் சட்டமும் ஏவப்படுகிறது.

கேள்வி (கொழும்பு): இதை மாற்றச் சட்டமூலம் ஒன்று வந்ததாமே?

பதில்: ஆம். 2023இல் அப்போதைய பாராளுமன்ற உறுப்பினர் பிரேம்நாத் தொலவத்த தனிநபர் சட்டமூலமாகக் கொண்டுவந்தார். அது அரசியலமைப்புக்கு முரணல்ல என்று அவ்வாண்டு மே மாதம் உயர் நீதிமன்றம் தீர்மானித்தது. சாதாரணப் பெரும்பான்மை போதும். ஆனாலும் அது சட்டமாகவில்லை. துணிவு இல்லாததே காரணம் என்பேன்.

கேள்வி (யாழ்ப்பாணம்): பொலிஸார் கொடுமைப்படுத்தினால் என்ன செய்வது?

பதில்: நாள் கடத்தாதீர்கள். அடிப்படை உரிமை மனுவை ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்தில் தாக்கல் செய்ய வேண்டும். அதே ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவிடம் முறையிட்டால், விசாரணை நடக்கும் காலம் அந்தக் கெடுவில் சேராது. முறைப்பாட்டுப் பிரதியைப் பத்திரமாக வைத்திருங்கள்.