மறுபடியும் கொரோனா வருமா? வாசகர் கேள்வி – மருத்துவர் பதில்

2021-ல் ஒரு முறை, 2022 ஜனவரியில் இன்னொரு முறை கொரோனா வந்தது. இரண்டு தவணை தடுப்பூசியும் போட்டிருக்கிறேன். இப்போது பக்கத்தில் உட்காரும் தோழிக்கு பாசிட்டிவ். எனக்கு மூன்றாவது தடவையும் வருமா?
– கல்லூரி மாணவி, பழைய வண்ணாரப்பேட்டை

வரலாம். ஆனால் ஆஸ்பத்திரியில் படுக்கிற அளவுக்குப் போகும் வாய்ப்பு உங்களுக்கு மிகக் குறைவு. ரத்தத்தில் இருக்கும் ஆன்டிபாடிகள்தான் கிருமியை வாசலிலேயே மறிப்பவை. அவற்றின் அளவு சில மாதங்களிலேயே இறங்கத் தொடங்கும். நோய் எதிர்ப்பு அணுக்களான டி செல்களின் நினைவு அதைவிட நெடுநாள் நிற்கும். அதனால்தான் மூக்கிலும் தொண்டையிலும் தொற்று மீண்டும் ஒட்டினாலும், நுரையீரல் வரை இறங்குவது பெரும்பாலும் தடுக்கப்படுகிறது. போதாததற்கு வைரஸும் உருமாறிக்கொண்டே இருக்கிறது. 2021 நவம்பரில் பெயர் சூட்டப்பட்ட ஒமைக்ரான் என்ற உருமாறிய வகையின் முள்புரதத்தில் (வைரஸ் நம் செல்லில் ஒட்ட உதவும் பகுதி) மட்டும் முப்பதுக்கு மேல் மாற்றங்கள். பழைய தொற்றில் உருவான ஆன்டிபாடிகளுக்கு அது பிடிபடவில்லை.

வயது குறைவு என்பது மட்டும் காப்பாற்றாது. 2020-ல் அமெரிக்காவின் மரைன் படைக்குப் புதிதாகச் சேர்ந்த, பெரும்பாலும் 18 முதல் 20 வயதுள்ளவர்களை ஆறு வாரம் கண்காணித்தார்கள். விடுதி மாதிரியே கூட்டாகத் தங்கி, கூட்டாகச் சாப்பிட்டவர்கள். ஏற்கெனவே ஆன்டிபாடி இருந்த 189 பேரில் 19 பேருக்குத் திரும்பவும் தொற்று வந்தது. ஆன்டிபாடி இல்லாதவர்களில் கிட்டத்தட்ட பாதிப் பேருக்கு வந்தது. முன்பு வந்து போனது பெரிய பாதுகாப்புதான், ஆனால் முழுப் பாதுகாப்பு அல்ல. இது ஒமைக்ரான் வருவதற்கு முந்தைய கணக்கு என்பதையும் மறக்க வேண்டாம்.

விடுதியில் ஒரே அறையில் நாலு பேர். ஒருவனுக்குக் காய்ச்சல். கொரோனா பரிசோதனை கிட் வாங்கிப் பார்த்தோம், நெகட்டிவ். நாங்கள் வகுப்புக்குப் போகலாமா?
– மாணவர், வியாசர்பாடி

காய்ச்சல் அடிப்பவர் போகக்கூடாது. முதல் நாள் வரும் நெகட்டிவை நம்ப முடியாது. ஆன்டிஜென் கிட் கண்டுபிடிக்கும் அளவுக்கு வைரஸ் பெருக ஓரிரு நாள் ஆகும், அதனால் 48 மணி நேரம் கழித்து இன்னொரு தடவை பாருங்கள். மற்ற மூவரும் அறிகுறி இல்லாவிட்டாலும் முகக்கவசத்தோடு போங்கள். தொண்டை கரகரத்தால் அன்றே நின்றுவிடுங்கள்.

தப்பு நடப்பது பெரும்பாலும் எடுக்கும் விதத்தில். பஞ்சுக் குச்சியை மூக்கின் நுனியில் தொட்டுவிட்டு எடுத்தால் பயனில்லை. 2 முதல் 4 செ.மீ. உள்ளே விட்டு, ஒவ்வொரு துவாரத்திலும் ஐந்து சுற்று சுற்ற வேண்டும். குழாயிலுள்ள திரவத்தில் நன்றாகக் கலக்கி, அட்டையில் சொன்ன சொட்டுகளை மட்டும் விட்டு, 15 நிமிடத்தில் பாருங்கள். 20 நிமிடம் தாண்டித் தெரியும் கோட்டைக் கணக்கில் எடுக்காதீர்கள். நேரத்துக்குள் தெரிந்தால் எவ்வளவு மங்கலாக இருந்தாலும் பாசிட்டிவ்தான். கிட்டை 30 டிகிரிக்குக் கீழே வைக்கச் சொல்வார்கள். சென்னை வெயிலில் வண்டிப் பெட்டிக்குள் கிடந்த கிட்டை நம்பாதீர்கள்.

வகுப்பறையை விட மெஸ்தான் கவலை. எல்லோரும் ஒரே நேரத்தில் முகக்கவசத்தைக் கழற்றி, எதிரெதிரே உட்கார்ந்து பேசும் இடம் அது. கிண்டி ஐஐடியில் 2020 டிசம்பரில் நூறு பேருக்கு மேல் தொற்றியபோது, சாப்பாடு பொட்டலமாக அறைகளுக்கே போனது. உங்கள் வார்டனிடம் முதலில் கேட்க வேண்டியது அதுதான். அடுத்தது ஜன்னல். சீலிங் ஃபேனும் ஸ்பிளிட் ஏசியும் உள்ளே இருக்கும் காற்றையே சுழற்றும். கார்பன் டை ஆக்சைடு மீட்டர் இருந்தால் 800 பிபிஎம்-க்குக் (காற்றில் பத்து லட்சத்தில் 800 பங்கு) கீழே இருக்கும்படி ஜன்னலைத் திறந்து வையுங்கள்.

எங்கள் வீடு பத்துக்குப் பத்து, ஒரே அறை. சர்க்கரை உள்ள மாமியாருக்கு வயது 72. மகன் கல்லூரியிலிருந்து தொற்றோடு வந்தால் எங்கே தனியாக வைப்பது?
– வாசகி, தண்டையார்பேட்டை

தனி அறை இல்லாத வீட்டில் காற்றின் திசைதான் தடுப்பு. டேபிள் ஃபேனை ஜன்னலில் வெளிப்பக்கம் பார்த்து வையுங்கள். எதிரே கதவைத் திறந்து வையுங்கள். மகன் ஜன்னலோரம், பாட்டி கதவோரம். இதை மாற்றிப் படுக்கவைத்தால் மகன் விடும் மூச்சு நேராகப் பாட்டியைத் தாண்டித்தான் வெளியே போகும். இருவருக்கும் என்95. துணி முகக்கவசம் இங்கே போதாது. சாப்பாட்டு நேரத்தைப் பிரித்துவிடுங்கள். அந்த அரைமணியில் மகன் மாடியிலோ திண்ணையிலோ இருக்கட்டும். கதவுப் பிடியைத் துடைத்துக்கொண்டே இருப்பதை விட இதெல்லாம் பல மடங்கு பலன் தரும்.

2022 ஜனவரியில் வந்த மத்திய அரசு விதிப்படி ஏழு நாள், அதில் கடைசி மூன்று நாள் காய்ச்சல் இல்லாமல் இருந்தால் தனிமை முடிந்தது. உங்கள் வீட்டுக்குப் பத்து நாள் முகக்கவசம் போடச் சொல்வேன். பாட்டிக்கு இருமல் தொடங்கினால் காத்திருக்காமல் மருத்துவரிடம் காட்டுங்கள். வைரஸ் எதிர்ப்பு மாத்திரையை முதல் ஐந்து நாளுக்குள் தொடங்க வேண்டும். தொற்றில் சர்க்கரை ஏறும், தினமும் பாருங்கள். ஆக்சிமீட்டரில் ஆக்சிஜன் அளவு 94 சதவீதத்துக்குக் கீழே வந்தால் உடனே ஸ்டான்லி அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள். அளக்கும் விரலில் நகப்பூச்சு இருக்கக்கூடாது.

போன மாதம் தொற்று சரியாகிவிட்டது. ஆர்டி-பிசிஆர் இன்னும் பாசிட்டிவ் காட்டுகிறது. மறுபடியும் வந்துவிட்டதா?
– ஆய்வு மாணவர், ராயபுரம்

பெரும்பாலும் இல்லை. செத்த வைரஸின் துணுக்குகளை அந்தப் பரிசோதனை மூன்று மாதம் வரை கூடக் காட்டும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் மறுதொற்று என்று எடுத்துக்கொண்டதே குறைந்தது 102 நாள் இடைவெளியில் இரண்டு பாசிட்டிவ், நடுவில் ஒரு நெகட்டிவ் இருந்தால்தான். புதிதாகக் காய்ச்சல் வந்தால் ஆன்டிஜென் கிட்டில் பாருங்கள்.

காய்ச்சல் விட்டதும் ஃபுட்பால் ஆடலாமா? மெடிக்கலில் அசித்ரோமைசின் கொடுத்தார்கள்.
– மாணவர், கொருக்குப்பேட்டை

அசித்ரோமைசின் பாக்டீரியாவுக்கான மருந்து, இந்த வைரஸை ஒன்றும் செய்யாது. காய்ச்சலுக்கு பாராசிட்டமால் 650 மி.கி. ஆறு மணி நேரத்துக்கு ஒன்று, ஒரு நாளுக்கு நாலைத் தாண்டாமல் போதும். ஸ்டீராய்டை யார் கொடுத்தாலும் வாங்காதீர்கள். ஆக்சிஜன் தேவைப்படுபவர்களுக்குத்தான் அதனால் பலன். மைதானத்துக்கு முதலில் நடக்க மட்டும் போங்கள். அதில் மூச்சு வாங்காவிட்டால் மெதுவோட்டம், பிறகுதான் ஆட்டம். நெஞ்சு வலியோ படபடப்போ வந்தால் அங்கேயே நிறுத்தி, ஈசிஜி எடுத்துப் பார்த்த பிறகே திரும்ப இறங்குங்கள்.