பிஸ்மில்லா இலை: பச்சைச் சாறு வேண்டாம், பிழிந்து சமையுங்கள்

கேள்வி: ஐயா, சுங்கை பட்டாணியில் வேலியோரம் பிஸ்மில்லா மரம் (ஆப்பிரிக்கக் கசப்பிலைச் செடி, Vernonia amygdalina) நட்டிருக்கிறேன். இனிப்புநீருக்கு நல்லது என்று பக்கத்தில் பச்சை இலையை அரைத்து வெறும் வயிற்றில் குடிக்கிறார்கள். நான் கிளிக்கிளசைடு மாத்திரை போடுகிறேன்; குடிக்கலாமா? ஆடுகளுக்குக் குடற்புழு போகவும் கொடுக்கலாமா?

பதில்: மாத்திரை போடும் நீங்கள் அந்தச் சாற்றைத் தொடவே வேண்டாம். கிளிக்கிளசைடு தனியாகவே சர்க்கரையை அளவுக்கு மீறி இறக்கக்கூடியது; இன்சுலினும் அப்படியே. இந்த இலைச்சாறும் எலிகளிடம் சர்க்கரையைக் குறைத்திருக்கிறது. மனிதருக்கு இத்தனை இலை என்று அளவு வகுக்கும்படியான சோதனை இல்லை. ஏற்கெனவே குடித்திருந்து கை நடுக்கம், வியர்வை, படபடப்பு வந்தால் உடனே இரத்தச் சர்க்கரையைச் சோதியுங்கள். லிட்டருக்கு 4 மில்லிமோலுக்குக் கீழே இருந்தால் 3 தேக்கரண்டி சீனியைக் கரைத்துக் குடித்து, 15 நிமிடத்தில் மறுபடி பாருங்கள். ஏறிய பிறகும் திரும்ப இறங்கலாம் என்பதால் சாப்பிட்டுவிட்டு கிளினிக்குக்குப் போங்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்துவதும் கூடாது.

ஆப்பிரிக்கப் பாரம்பரியம் என்று சொல்பவர்கள் அங்கே இலையைப் பிழிவதை மட்டும் விட்டுவிடுகிறார்கள். நைஜீரியாவின் ஒனுக்பு சூப்புக்கும் கேமரூனின் என்டோலேவுக்கும் இலையைக் கசப்பெடுத்துத்தான் சமைக்கிறார்கள். நறுக்கிய இலையில் உப்புப் போட்டுக் கசக்கினால் பச்சை நுரை பொங்கும். நுரை அடங்கும்வரை மூன்று நான்கு தண்ணீர் மாற்றிப் பிழிந்து, வேகவைத்து நீரை வடியுங்கள். எப்போதாவது ஒரு பிடி, கீரையாக, டாக்டரிடம் சொல்லிவிட்டுச் சாப்பிடலாம். கர்ப்பிணிகளுக்கு வேண்டாம்; கருப்பையைச் சுருங்கவைக்கக்கூடும்.

தான்சானியாவின் மஹாலே மலையில் 1987-இல் நோயுற்ற சிம்பன்சி ஒன்று இதே செடியைத் தேடித் தின்றதை ஆய்வாளர்கள் பார்த்தார்கள். அது இலையையும் பட்டையையும் உரித்தெறிந்துவிட்டுத் தண்டின் உட்சோற்றைத்தான் மென்றது. வெர்னோடாலின் என்ற நச்சுக் கசப்பு இலையில்தான் அதிகம்!

ஆடுகளுக்கு வாடிய இலையைக் கொஞ்சமாக நேப்பியர் புல்லோடு கலந்து தீவனமாகக் கொடுக்கலாம், சினை ஆட்டைத் தவிர. புழு மருந்தாக நம்பாதீர்கள். கசப்பின் வீரியம் செடிக்குச் செடி, பருவத்துக்குப் பருவம் மாறும். மழைக்காலத்தில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கீழ் இமையை இழுத்துப் பாருங்கள். உட்புறம் சிவப்பாக இருந்தால் பயமில்லை. வெளுத்திருந்தாலோ தாடைக்குக் கீழே நீர் கோத்திருந்தாலோ இரத்தம் உறிஞ்சும் வயிற்றுப்புழுவாக இருக்கலாம். இலையைக் கொடுத்து நாள் கடத்தாமல், ஆட்டின் எடையைக் கால்நடை மருத்துவரிடம் சொல்லி மருந்து வாங்குங்கள்.