பெரிய மாமா சொன்ன டாக்டர் படிப்பும் மகள் உரித்த ஸ்டிக்கரும்

போன சனிக்கிழமை காலை டர்பன் புறநகரான சாட்ஸ்வர்த்திலிருந்து ஒரு குடும்பம் என்னிடம் யோசனை கேட்டு வந்தது. அப்பா, அம்மா, மெட்ரிக், அதாவது பள்ளிக் கடைசி வருடம், படிக்கும் மகள். அம்மாவின் கைப்பையிலிருந்து மூன்று காகிதங்கள் மேசைக்கு வந்தன. வீட்டுப் பாண்ட் (வீட்டுக் கடன்) பத்திரம், வெளிநாட்டு மருத்துவக் கல்லூரிக்கு ஆள் சேர்க்கும் ஏஜெண்ட் கொடுத்த வழவழப்பான கையேடு, மகளின் ஜூன் ரிப்போர்ட்.

"அக்கா, இங்கே மெடிசின்ல இடம் கிடைக்கிறது கஷ்டம்னு சொல்றாங்க. பெரிய மாமா பையன் வெளிநாட்டுல நாலாவது வருஷம் படிக்கிறான். இவளையும் அனுப்பிடலாம்னு மாமா பிடிவாதமா நிக்கிறார். ஆயாவும் அதையேதான் சொல்லுது." சொல்லும்போதே அம்மாவுக்குத் தொண்டை அடைத்தது.

தண்ணீர் கொடுத்தேன், பதறாதீங்க தங்கச்சி என்றேன். பாண்ட் முடிய நான்கு வருடம்தான் பாக்கி, அதன்மேல் இரண்டாவது பாண்ட் எடுக்கப் போகிறோம் என்று அப்பா சொன்னதும் ஆறுதல் சொல்வதை நிறுத்திக்கொண்டேன்.

கையேட்டில் இல்லாததைச் சொன்னேன். வெளியே படித்துவிட்டு வந்தால், தென்னாப்பிரிக்காவில் மருத்துவர்களையும் சுகாதாரப் பணியாளர்களையும் பதிவு செய்யும் மன்றமான ஹெச்பிசிஎஸ்ஏ வைக்கும் தேர்வில் தேற வேண்டும். பிறகு இரண்டு வருட இன்டர்ன், ஒரு வருட சமூக சேவை. இங்கேயே படித்து அத்தனையும் முடித்த நூற்றுக்கணக்கான மருத்துவர்கள் 2024-இல் அரசு வேலை கிடைக்காமல் உட்கார்ந்திருந்தார்கள். அந்த வரிசையின் கடைசியில் போய் நிற்பதற்கா தங்கச்சி, குடியிருக்கும் வீட்டைப் பணயம் வைப்பது? மகள் டாக்டராகத் துடித்தாலாவது யோசிக்கலாம். அவளோ இதுவரை வாயே திறக்கவில்லை.

"உனக்கு என்ன பிடிக்கும்?" என்று கேட்டேன். தயங்கித் தயங்கி போனை எடுத்தாள்.

சனி, ஞாயிறுகளில் அத்தையின் கடையில் கல்லாவில் உட்காருகிறாள். போனில் இருந்ததெல்லாம் கடைச் சரக்கின் படங்கள். ஒன்றில் வியன்னா சாசேஜ் பாக்கெட். தேதி ஸ்டிக்கரின் ஓரம் லேசாகத் தூக்கியிருக்கிறது. அடுத்த படத்தில், ஹேர் ட்ரையரால் சூடு காட்டி அவள் அதை உரித்திருக்கிறாள். அடியில் இன்னொரு தேதி, ஏழு வாரம் முந்தையது. அத்தை முதலில் இவளைத் திட்டிவிட்டு, பிறகு பெட்டியோடு சரக்கை மொத்த வியாபாரியிடமே திருப்பி அனுப்பினாராம். இன்னொரு படத்தில் நசுங்கிய டின் ஃபிஷ். "பக்கத்துல நசுங்கினா அவ்வளவு பயமில்ல ஆன்ட்டி. மூடியும் உடம்பும் சேருற மூட்டுல நசுங்கினாத்தான் காத்து உள்ளே போகும்" என்று எனக்கே பாடம் எடுத்தாள். முப்பது வருடமாக டின் ஃபிஷ் குழம்பு வைக்கிறேன், மூட்டைப் பார்த்து வாங்கியதில்லை.

பார்மசி, சிஏ, டீச்சிங் பற்றி நான் எழுத வேண்டியதில்லை, அதற்கு ஊர் முழுக்க ஆள் இருக்கிறது. இந்தப் பெண்ணுக்கு நான் சொன்னது என்விரான்மெண்டல் ஹெல்த். நம் ஆட்கள் 'ஹெல்த் இன்ஸ்பெக்டர்' என்று சொல்லி ஒதுக்கிவிடும் வேலை.

அவர்கள் என்ன செய்கிறார்கள்? 2018 ஜனவரி 12 காலை, சொவெட்டோவின் கிறிஸ் ஹானி பராக்வனாத் மருத்துவமனைக்கு ஐந்து வயதுக்குட்பட்ட ஒன்பது குழந்தைகள் காய்ச்சலும் வயிற்றுப்போக்குமாக வந்தார்கள். சாப்பிட்ட உணவில் ஏதோ இருக்கிறது என்று குழந்தை மருத்துவர் சந்தேகப்பட்டார். அன்றைக்கே சுகாதார ஆய்வாளர்கள் அந்தக் குழந்தைகளின் கிரெஷுக்கு (பகல்நேரக் காப்பகத்துக்கு) போனார்கள். அங்கிருந்த பொலோனி என்ற பதப்படுத்திய இறைச்சியை மாதிரி எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். அதில் லிஸ்டீரியா கிருமி இருந்தது. அதற்குள் பல மாதங்களாக நாடு முழுக்க ஆட்கள் செத்துக்கொண்டிருந்தார்கள், எதிலிருந்து வருகிறது என்று யாராலும் சொல்ல முடியவில்லை. இன்னொரு பக்கம் நோயாளிகளிடம் என்னென்ன சாப்பிட்டீர்கள் என்று விசாரணை நடந்தது. 109 பேரைக் கேட்டதில் 93 பேர் பதப்படுத்திய இறைச்சி சாப்பிட்டிருந்தார்கள். அந்த நூலைப் பிடித்துக்கொண்டு போனது பொலோக்வானேயில் ஒரு தொழிற்சாலையில் போய் முடிந்தது. மார்ச் 4 அன்று அமைச்சர் அறிவித்தார், கடைகளிலிருந்து பொலோனி இறங்கியது. மொத்தம் 1,060 பேருக்கு நோய், 216 பேர் இறப்பு. உலகில் பதிவான லிஸ்டீரியா பரவல்களில் இதுதான் பெரியது.

ஒன்பது குழந்தைகளுக்கு மருந்து கொடுத்தவர் மருத்துவர். ஊரில் இருந்த மற்ற குழந்தைகளின் தட்டிலிருந்து பொலோனியை எடுத்ததில், ஃபிரிட்ஜைத் திறந்து பார்த்தவர்களுக்குப் பங்கு உண்டு. இதை மாமாவிடம் சொல்லுங்கள் என்றேன்.

இதற்கு மேலே ஒரு படி இருக்கிறது, எனக்குப் பிடித்தது அதுதான். ஆபத்தான பொருளைக் கண்டுபிடிக்கும் அரசுக் குழுவை நடத்துவது. அமெரிக்காவில் நுகர்பொருள் பாதுகாப்புக்கென்றே 1972-இல் சட்டம் போட்டு ஓர் ஆணையம் வைத்தார்கள். சுமார் நூறு மருத்துவமனைகளின் அவசரப் பிரிவுகளிலிருந்து, எந்தப் பொருளால் யாருக்கு அடிபட்டது என்ற விவரம் அங்கே வந்துகொண்டே இருக்கும். நம் நாட்டில் வேலை பல கைகளில் பிரிந்து கிடக்கிறது. மின்சாதனம், பாரஃபின் அடுப்பு, டின் மீன் எல்லாம் பிரிட்டோரியாவில் உள்ள என்ஆர்சிஎஸ் என்ற தரக் கட்டுப்பாட்டு அமைப்பின் பொறுப்பு. சந்தையிலிருந்து பொருளைத் திரும்பப் பெறச் சொல்லும் அதிகாரம், 2011-இல் நடைமுறைக்கு வந்த நுகர்வோர் சட்டத்தின்படி தேசிய நுகர்வோர் ஆணையத்துக்கு. கடையும் சமையலறையும் முனிசிபாலிட்டி ஆய்வாளருக்கு. இந்தக் கைகளுக்கு நடுவே எவ்வளவு நழுவும் என்று யோசியுங்கள். 2024 அக்டோபரில் சொவெட்டோவின் நலேடியில் ஆறு குழந்தைகள் இறந்தது டெர்புஃபாஸால். வயலுக்கான பூச்சி மருந்து, எலிக்கென்று தெருவில் விற்றிருக்கிறார்கள். குப்பை அள்ளாத இடத்தில் எலி, எலிக்கு விஷம், விஷம் பிள்ளைகளின் வயிற்றில்.

குழுத் தலைவரின் மேசைக்கு வருவதெல்லாம் அரைகுறைத் தகவல்தான். மூன்று புகார், ஓர் ஆய்வக அறிக்கை, அதை மறுக்கும் கம்பெனி வக்கீலின் கடிதம். அடிபட்டால் எவ்வளவு மோசமாகப் படும், எத்தனை வீடுகளில் அந்தப் பொருள் இருக்கிறது, கையில் எடுப்பது பெரியவரா குழந்தையா என்று எடைபோட வேண்டும். இன்றே நிறுத்தச் சொல்வதா, இன்னும் பத்து மாதிரி வாங்கிச் சோதிப்பதா? அவசரப்பட்டால் வழக்கு, தாமதித்தால் உயிர். இது வகுப்பில் மட்டும் வருவதில்லை. பத்துப் பதினைந்து வருடம் கடை கடையாக ஏறி இறங்கியவருக்கு வருவது.

படிப்பு டர்பன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்திலேயே (டியூடி) இருக்கிறது, நான்கு வருடம். பிறகு ஒரு வருட சமூக சேவை, ஹெச்பிசிஎஸ்ஏ பதிவு. "டெக்னிகான் படிப்பா?" என்று மாமா முகம் சுளித்தாராம். டெக்னிகான் என்றால் தொழில்நுட்பக் கல்லூரி. எம்.எல். சுல்தான் டெக்னிகானும் நேட்டால் டெக்னிகானும் 2002-இல் சேர்ந்துதான் இன்றைய டியூடி. அந்த சுல்தான் ஒப்பந்தக் கூலியாக வந்தவர், அவர் பெயரைத் தாங்கிய கல்லூரி அது. நம் தாத்தாக்களில் எத்தனை பேர் வேலை முடிந்து அங்கே ராத்திரி வகுப்புக்கு ஓடியிருப்பார்கள்!

இனிப்பு மட்டும் சொல்லி அனுப்பவில்லை. டாக்டர் சம்பளம் வராது. 10,000 பேருக்கு ஓர் ஆய்வாளர் வேண்டும் என்பது கணக்கு. நாடு அதை எட்டவே இல்லை, ஆனாலும் முனிசிபாலிட்டி வேலைக்கு எடுப்பது ஆமை வேகம்தான். கடைக்காரர் லஞ்சம் நீட்டுவார், வாங்காவிட்டால் மிரட்டுவார், அப்பாவுக்குத் தெரிந்தவராகவும் இருப்பார். மகளைப் பார்த்துத்தான் இதைச் சொன்னேன். "அத்தை கடையிலேயே சொல்லியாச்சு ஆன்ட்டி" என்றாள்.

பணத்தில் மட்டும் நான் விட்டுக்கொடுக்கவில்லை. இரண்டாவது பாண்ட் வேண்டாம், இது யோசனை இல்லை தங்கச்சி, கண்டிப்பு. வீட்டு வருமானம் வருடம் 350,000 ரேண்டுக்குள் இருப்பதால் அரசின் மாணவர் நிதியுதவியான என்எஸ்எஃப்ஏஎஸ்-க்கு விண்ணப்பிக்கலாம். கிடைத்தால் திருப்பிக் கட்ட வேண்டாம். பல்கலைக்கழகச் சேர்க்கைக்கான சிஏஓ படிவத்தில் ஆறு விருப்பங்கள் வரிசையாகக் கேட்பார்கள். முதல் இடத்தில் என்ன எழுதுவது என்பது மகள் கையில். மாமா திருப்திக்காக மெடிசினையும் ஒரு வரியில் போடுவதானால் போடட்டும், ஆனால் உள்ளூர் மெடிசின் மட்டும்.

கிளம்பும்போது அப்பா மெல்ல ஒன்றைச் சொன்னார். ஏஜெண்டிடம் ஏற்கெனவே முன்பணம் கட்டிவிட்டார்களாம், பன்னிரண்டாயிரம் ரேண்ட். "போனது போகட்டும்" என்று அவர் சொன்னதும் எனக்கு எரிச்சல் வந்தது. முன்பதிவை ரத்து செய்யும் உரிமை அதே நுகர்வோர் சட்டத்தில் இருக்கிறது, அவர்கள் நியாயமான ஒரு தொகையைத்தான் பிடித்துக்கொள்ளலாம். திங்கட்கிழமையே எழுத்தில் கேளுங்கள் என்றேன். தரவில்லையென்றால் நுகர்வோர் ஆணையத்துக்குப் புகார், படிவத்தை மகளே நிரப்பட்டும்.