நான்கு பேர் அமரும் சிறு விமானத்தில் பின் சீட்டில் இரண்டு மணி நேரம் போவது தாங்குமா?

உங்கள் கேள்வியில் உள்ள விவரம் இது: நண்பர் தனியார் விமானி உரிமம் வைத்திருக்கிறார். வாடகைக்கு எடுக்கும் செஸ்னா 172-ல் உங்களையும் உங்கள் மனைவியையும் இன்னொரு நண்பரையும் கூட்டிப்போவதாகச் சொல்கிறார். பறக்கும் நேரம் இரண்டு மணி. நீங்கள் ஆறடிக்கு மேல். முழங்காலை எங்கே வைப்பது என்பதுதான் உங்கள் கவலை.

தாங்கும். ஆனால் முழங்கால் உங்களைப் படுத்தப்போவது கொஞ்சம்தான். பின் சீட்டுப் பயணம் நன்றாக அமைவதும் கெட்டுப்போவதும் பெரும்பாலும் முன்னால் இடது பக்கம் உட்காருகிற விமானி கையில் இருக்கிறது. எந்த நேரத்தில் கிளம்புகிறார், எவ்வளவு உயரத்தில் போகிறார், எப்படித் திரும்புகிறார், பின்னால் இருப்பவர்களிடம் என்ன சொல்லி வைக்கிறார் என்பதெல்லாம்தான் கணக்கு. நானும் இந்த உரிமம் வைத்திருப்பவன்தான். பயிற்சிக் காலத்தில் சக மாணவர்கள் ஓட்டும்போது பின்னால் உட்கார்ந்து கவனிப்பது எங்களுக்கு வழக்கம். ஓட்டுகிற சீட்டில் உட்கார்ந்தால் தெரியாத பல சங்கதிகள் அங்கேதான் தெரிந்தன.

முதலில் ஒரு சின்னக் கணக்கு. நான்கு சீட்டு இருப்பதால் நான்கு பேர் போகலாம் என்று அர்த்தம் இல்லை. புதிய ரக 172-ல் ஆள், பை, எரிபொருள் எல்லாம் சேர்த்து ஏறக்குறைய 395 கிலோ ஏற்றலாம். டேங்க் நிறைய பெட்ரோல் அடித்தால் அதுவே சுமார் 145 கிலோ. மிச்சம் 250. ஆளுக்கு 80 கிலோ என்று நான்கு பெரியவர்கள் ஏறினால் 320. அப்படியானால் பெட்ரோலைக் குறைத்துக்கொண்டுதான் போக வேண்டும், பெட்டி படுக்கைக்கு வழியே இல்லை. இதை நண்பர் நிச்சயம் கணக்குப் போட்டிருப்பார். போட்டாரா என்று கேட்பதில் தப்பில்லை. உங்கள் எடையைக் கேட்டால் கூச்சப்பட்டுக் குறைத்துச் சொல்லாதீர்கள். பின் சீட்டுக்காரர் எடை விமானத்தின் ஈர்ப்பு மையத்தை, அதாவது மொத்த எடையும் சமநிலையில் நிற்கும் புள்ளியை, பின்னுக்கு இழுக்கும். அது அனுமதித்த எல்லையைத் தாண்டிப் பின்னால் போனால் விமானம் கட்டுக்கு அடங்காது. என்னைக் கேட்டால், பின்னால் ஒரே ஒருவரை உட்காரவைத்துப் போவதுதான் 172-க்கு அழகு. காலைக் குறுக்கே நீட்டிக்கொள்ளலாம், பையைப் பக்கத்து சீட்டில் பெல்ட் போட்டுக் கட்டிவிடலாம்.

சரி, இடம். 172-ன் உள் அகலம் சுமார் ஒரு மீட்டர். இரண்டு பெரியவர்கள் உட்கார்ந்தால் தோளோடு தோள் உரசும். சிரஸ் எஸ்ஆர்22 என்ற இன்னொரு சிறு விமானத்தில் அதுவே ஏறக்குறைய 124 சென்டிமீட்டர், வித்தியாசம் உட்கார்ந்ததுமே தெரியும். கால் நீட்டும் இடம் முன்னால் யார் இருக்கிறார் என்பதைப் பொறுத்தது. விமானி குள்ளம் என்றால் பெடல் எட்டுவதற்காக சீட்டை முன்னால் இழுத்துக்கொள்வார், அவருக்குப் பின்னால் உள்ள இடம் உங்களுக்கு யோகம். முன் வலது சீட்டில் இருப்பவர் பெடலை மிதிக்கப்போவதில்லை, அவரும் கொஞ்சம் முன்னால் நகரலாம். ஆனால் விமானம் ஓட்டும் கைப்பிடியை விமானி முழுசாக இழுக்கும்போது, கூடவே நகரும் அவர் பக்கத்துக் கைப்பிடி வயிற்றிலோ தொடையிலோ இடிக்காத அளவுக்குத்தான். பழைய விமானம் என்றால் எந்த வருஷத்து மாடல் என்பதும் முக்கியம். பைப்பர் செரோக்கி ரகத்தில் 1973-க்கு முந்தியவற்றில் பின் சீட்டு பெயரளவுக்குத்தான். அதன் பிறகு உடலை 5 அங்குலம் நீட்டினார்கள். மூனி விமானங்களிலும் எம்20எஃப் மாடலில் 10 அங்குலம் கூட்டியது பெரும்பாலும் பின்னால் உட்காருகிறவர்களின் நச்சரிப்புக்குத்தான் என்பது என் ஊகம்.

ஏறி இறங்குவது ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு மாதிரி. 172-ல் இரண்டு பக்கமும் கதவு உண்டு, முன் சீட்டை நகர்த்திவிட்டுக் குனிந்து நுழையலாம். செரோக்கியில் வலது பக்கம் மட்டும் ஒரே கதவு, அதுவும் இறக்கை மேல் ஏறித்தான். பின் சீட்டுக்காரர்கள் முதலில், அப்புறம் விமானி, கடைசியில் முன் வலது ஆள். இறங்கும்போது இதற்குத் தலைகீழ். வெயிலில் அந்தச் சின்னக் கூண்டுக்குள் முதலில் போய்க் கடைசியில் வெளியே வருகிறவர் நீங்கள்தான். டயமண்ட் டிஏ40-ல் பின்னால் இருப்பவர்களுக்கென்று இடது பக்கம் தனிக் கதவே வைத்திருக்கிறார்கள். அந்த ஒரு காரணத்துக்காகவே எனக்கு அதன் மேல் மரியாதை.

வெயில் என்றதும் சொல்ல வேண்டியது காற்று. 172-ல் 1963 மாடலிலிருந்து பின்பக்கமும் கண்ணாடி வைத்தார்கள். பார்க்க அழகு, ஆனால் வெயில் நேராக உங்கள் பிடரியில் விழும். முன்னால் இருப்பவர் ஜன்னலைத் திறந்து வைத்துக்கொள்வார், உங்கள் ஜன்னல் திறக்காது. காற்றுக் குழாயும் முன் சீட்டுக்காரர் முகத்துக்கே முதலில் வீசும். அதனால் விமானத்தைச் சுற்றிச் சோதனை செய்து முடித்து, கிளம்பத் தயார் என்று விமானி சொன்ன பிறகு ஏறுங்கள். ஒரு தொப்பி போதும், பாதி வேதனை போய்விடும். மேலே போனால் கதை மாறும். ஆயிரம் அடிக்குச் சுமார் 2 டிகிரி குறையும், 8,000 அடியில் கீழே இருந்ததைவிட 16 டிகிரி குளிர். ஹீட்டர் போட்டால் அந்தச் சூடும் முன்னால் இருப்பவர் காலோடு நின்றுவிடும். கையில் ஒரு ஸ்வெட்டர் இருக்கட்டும்.

அந்த ஹீட்டரைப் பற்றி ஒன்று. இந்த விமானங்களில் இன்ஜின் புகைபோக்கியைச் சுற்றி ஓடும் காற்றைத்தான் சூடாக்கி உள்ளே விடுகிறார்கள். புகைபோக்கியில் விரிசல் இருந்தால் கார்பன் மோனாக்சைடு என்ற விஷவாயு உள்ளே வந்துவிடும், அதற்கு வாசனை கிடையாது. பின்னால் இருப்பவர் தலைவலிக்கிறது, தூக்கம் தூக்கமாக வருகிறது என்றால் அலுப்பு என்று விட்டுவிடக் கூடாது. உடனே விமானியிடம் சொல்லுங்கள். ஹீட்டரை மூடி, வெளிக்காற்றைத் திறந்து, பக்கத்தில் இறங்க அவர் முடிவு செய்வார்.

இனி வயிறு. பெரும்பாலோரைப் பின் சீட்டில் சாய்ப்பது இதுதான். விமானம் தன் ஈர்ப்பு மையத்தைச் சுற்றித்தான் ஆடும். 172-ல் முன் சீட்டுகள் கிட்டத்தட்ட அந்த இடத்திலேயே இருக்கின்றன, பின் சீட்டு முக்கால் மீட்டருக்கு மேல் பின்னால். பஸ்ஸின் கடைசி வரிசையில் உட்கார்ந்தவனுக்கு மட்டும் குழி பெரிதாகத் தெரிவது மாதிரிதான். மேலே கீழே தூக்குவதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், பக்கவாட்டில் வால் அசைவதுதான் மோசம். வி வடிவ வால் வைத்த பொனான்சா விமானத்தில் குலுக்கலான காற்றில் பின்னால் உட்கார்ந்தவர்கள் இதைச் சொல்லிச் சொல்லிப் புலம்புவார்கள். விமானி காலில் ரட்டரை, அதாவது வாலில் உள்ள திசைப் பலகையின் பெடலை, சோம்பேறித்தனமாக மிதித்தால் முன்னால் பக்கவாட்டுச் சறுக்கலைக் காட்டும் கருவியில் உள்ள சின்ன உருண்டை ஒரு பக்கம் ஒதுங்குவதை அவர் கவனிக்காமல் விடலாம். பின்னால் இருப்பவர் இடுப்பு அதைக் கவனித்துவிடும்.

அதோடு முன்னால் இருப்பவருக்கு அடிவானம் கண்ணுக்கு நேராக இருக்கிறது. உங்களுக்குத் தெரிவது முன் சீட்டின் முதுகு. கண் ‘நாம் அசையவில்லை’ என்கிறது, காது ‘அசைகிறோம்’ என்கிறது. அந்தச் சண்டைதான் குமட்டல். செல்போன் பார்ப்பது, புத்தகம் படிப்பது, மடியில் கேமரா வைத்துப் படம் சரிபார்ப்பது எல்லாம் அதைக் கிளறிவிடும். பக்க ஜன்னல் வழியாகத் தூரத்து அடிவானத்தையே பாருங்கள். வாயில் எச்சில் ஊறி, உள்ளங்கை வியர்த்தால் அதுதான் முதல் அறிகுறி. அப்போதே சொல்லிவிடுங்கள், வெட்கப்பட்டு அடக்கி வைப்பவர்கள்தான் கடைசியில் பை தேடுவார்கள். பை எங்கே இருக்கிறது என்பதை ஏறும்போதே கேட்டுக் கையில் வாங்கி வையுங்கள். மாத்திரை போடுவதாக இருந்தால் மருத்துவரைக் கேட்டுக்கொண்டு கிளம்புவதற்கு முன்பே போட வேண்டும். பயணிக்குத் தூக்கம் வந்தால் நஷ்டம் இல்லை, விமானிக்குத்தான் அந்த மாத்திரை ஆகாது.

விமானி செய்ய வேண்டியது இதைவிடப் பெரிது. காலையில் சீக்கிரம் கிளம்ப வேண்டும். பத்து மணிக்கு மேல் தரை சூடேறி, சூடான காற்று குமிழ் குமிழாக மேலே எழும்பும், மதியத்துக்குள் அது நன்றாகத் தூக்கிப் போட ஆரம்பிக்கும். பஞ்சு மேகங்களுக்குக் கீழே போனால் இந்தக் குலுக்கல் முழுவதும் உங்களுக்குத்தான், மேகத் தலைக்கு மேலே போனால் பெரும்பாலும் சாந்தம். ஆனால் பாரம் ஏற்றிய 172 வெயில் நேரத்தில் மேலே ஏறுவதற்குள் பொறுமை போய்விடும் என்பதும் உண்மை. திரும்பும்போது 20 டிகிரிக்கு மேல் சாய்க்க ஒரு அவசியமும் இல்லை. 45 டிகிரி சாய்த்தால் உடல் எடை 1.4 மடங்காகத் தெரியும், 60 டிகிரியில் இரண்டு மடங்கு. அதெல்லாம் தேர்வில் காட்ட வேண்டிய வித்தை. இறங்கும்போது நிமிடத்துக்கு 500 அடிக்கு மேல் வேண்டாம், காது அடைக்கும். 8,000 அடியிலிருந்து அந்த வேகத்தில் இறங்க 16 நிமிடம் ஆகும், அதை முன்கூட்டியே திட்டமிட வேண்டியது அவர் வேலை. சளி பிடித்திருந்தால் அன்று போகாதீர்கள்.

சத்தம். ஹெட்செட் இல்லாமல் பேசவே முடியாது, அது உங்களுக்குத் தெரிந்திருக்கும். சத்தத்தை மின்னணு முறையில் அடக்கும் ஹெட்செட்டுகள் விமானங்களுக்கென்று 1989 முதல் கிடைக்கின்றன. வழக்கமாக நல்லது விமானி தலையில் இருக்கும், பழையது பின்னால் வரும். வேறொன்று கிடைக்குமா என்று கேளுங்கள். கிடைத்ததை மாட்டும்போது காது மேல் கண்ணாடிக் கம்பியோ தொப்பி விளிம்போ நுழைந்து இடைவெளி விடாமல் பாருங்கள், மைக்கை உதட்டை ஒட்டி வையுங்கள். இரண்டு மணி நேரத்தில் உச்சந்தலை வலிக்கும், அதற்கு மருந்து இல்லை.

சத்தத்தைவிட மோசம், சட்டென்று நிற்கும் சத்தம். கட்டுப்பாட்டு நிலையத்தோடு பேசும்போது விமானி உங்கள் இணைப்பைத் துண்டித்து வைப்பார். பின்னால் இருப்பவருக்கு ஹெட்செட் செத்துவிட்டதாகத் தோன்றும். மேலே ஏறி முடித்ததும் இன்ஜின் வேகத்தைக் குறைப்பார், நெஞ்சு ‘திக்’ என்னும். இறங்கும் சமயம் இறக்கையின் பின்விளிம்பில் உள்ள ஃபிளாப் பலகையை இறக்கும்போது ஒரு மோட்டார் சத்தமும் விமானத்தின் மூக்கு அசைவதும் வரும். கடைசியாக, சக்கரம் தரையைத் தொடும் கணத்தில் 172-ல் ஒரு ஊளைச் சத்தம் கேட்கும். அது ஸ்டால் எச்சரிக்கை. வேகம் குறைந்து இறக்கை தூக்கும் சக்தியை இழக்கப்போகிறது என்று சொல்கிற கருவி. ஓடுபாதைக்கு ஓரிரண்டு அடி மேலே அது ஊதினால் நல்ல தரையிறக்கம் என்று அர்த்தம். முன்னாலேயே சொல்லாவிட்டால், பின்னால் இருக்கிறவர் முன் சீட்டின் முதுகைப் பிடித்துத் தொங்குவார். சாய்வுப் பூட்டு தளர்ந்த பழைய சீட்டில் அது வேறு வினை. ஆகவே கிளம்புமுன் நண்பரிடம் இந்த நான்கையும் வரிசையாகச் சொல்லச் சொல்லுங்கள். மூன்று நிமிட வேலை. என் மனைவி முதல் தடவை பின்னால் உட்கார்ந்தபோது இவற்றைச் சொல்லித்தான் கூட்டிப்போனேன். ஊளைச் சத்தம் வந்தபோது ‘வந்துடுச்சு’ என்று மைக்கில் அவளே அறிவித்தாள்.

பெல்ட்டைப் பாருங்கள். 1986 டிசம்பர் 12-க்குப் பிறகு தயாரான சிறு விமானங்களில் எல்லா இருக்கைக்கும் தோள் பட்டை இருக்க வேண்டும் என்பது அமெரிக்க விதி. செஸ்னா 172 உற்பத்தி 1986-ல் நின்று பத்து வருஷம் கழித்துத்தான் மறுபடி தொடங்கியது. ஆகவே வாடகை விமானம் பழையது என்றால் பின்னால் இடுப்புப் பட்டை மட்டும் இருக்க வாய்ப்பு உண்டு. எனக்கு அது பிடிக்காது. வேறு விமானம் கிடைக்குமானால் அதையே எடுக்கச் சொல்வேன்.

யார் எங்கே உட்காருவது என்பதற்கு என் யோசனை: சுலபமாகக் குமட்டுகிறவர் முன் வலது சீட்டு. ஆனால் பதறினால் கையில் கிடைத்ததைப் பிடித்துக்கொள்ளும் ஆள் என்றால் அங்கே வேண்டாம், அவர் முன்னாலும் ஒரு கைப்பிடி இருக்கிறது.

கழிப்பறை கிடையாது, ஆகவே கிளம்புமுன் போய்விட்டு வாருங்கள். காபியைக் குறைத்துக்கொள்ளுங்கள், தண்ணீரை அடியோடு நிறுத்த வேண்டாம், தலைவலிதான் மிஞ்சும். நடுவில் ஒரு மணி நேரத்தில் எங்காவது இறங்கிக் கால் நீட்டிவிட்டுப் போகலாமா என்று நண்பரை இப்போதே கேட்டு வையுங்கள். நான்கு பேர் என்றால் பெட்ரோலைக் குறைத்துத்தானே கிளம்பப்போகிறார், மறுபடி நிரப்பவும் அது தோதுப்படும். அங்கே நீங்கள் முன்னாலும் இன்னொரு நண்பர் பின்னாலும் மாறிக்கொள்ள நினைத்தால், கதவைத் திறப்பதற்கு முன் விமானியிடம் சொல்லிவிடுங்கள். உங்கள் எடையும் அவர் எடையும் ஒன்றில்லை என்றால் ஈர்ப்பு மையக் கணக்கை அவர் மறுபடி போட வேண்டும்.