கேமரா இல்லாத காரும் நம்மை வேவு பார்க்குமா?

"என் காரில் உள்ளே கேமராவே கிடையாது, அப்புறம் என்ன தகவல் போய்விடும்?" என்று கேட்டிருக்கிறீர்கள். கேமரா தேவையே இல்லை. காருக்குள் இணையத் தொடர்புக்கு ஒரு சிம் இருந்தால் போதும்.

அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் கதையைப் பாருங்கள். காரை இணையத்தோடு இணைக்கும் அதன் ஆன்ஸ்டார் சேவையில் 'ஸ்மார்ட் டிரைவர்' என்றொரு வசதி. ஓட்டும் பழக்கத்தைத் திருத்திக்கொள்ளலாம் என்று சொல்லித்தான் ஆட்களைச் சேர்த்தார்கள். திடீர் பிரேக், அதிவேகம், நள்ளிரவுப் பயணம் எல்லாம் லெக்சிஸ்நெக்சிஸ், வெரிஸ்க் போன்ற தரவு நிறுவனங்களுக்குப் போய், அங்கிருந்து காப்பீட்டு நிறுவனங்களின் கைக்குச் சேர்ந்தது. 2024 மார்ச்சில் நியூயார்க் டைம்ஸ் இதை அம்பலப்படுத்தியது. பிரீமியம் ஏன் ஏறியது என்று புரியாத ஒருவர் லெக்சிஸ்நெக்சிஸிடம் தன்னைப் பற்றிய அறிக்கையைக் கேட்டு வாங்கினால், 258 பக்கம்! எத்தனை மணிக்குக் கிளம்பினார், எவ்வளவு தூரம் ஓட்டினார், எத்தனை முறை சடாரென்று பிரேக் போட்டார், எல்லாம் பயணம் பயணமாக. குறுக்கே நாய் ஓடிவந்ததால் போட்ட பிரேக்கா என்பதெல்லாம் அதில் இருக்காது.

2025 ஜனவரியில் அமெரிக்க வர்த்தக ஆணையம் தலையிட்டு, ஜெனரல் மோட்டார்ஸ் இத்தகைய தகவலை நுகர்வோர் அறிக்கை நிறுவனங்களுக்கு (லெக்சிஸ்நெக்சிஸ் போல ஆட்களைப் பற்றித் தகவல் திரட்டித் தருபவை) தர 5 ஆண்டு தடை என்ற உத்தரவை முன்வைத்தது. என்னைக் கேட்டால், தாமதமான குட்டு.

நீங்கள் செய்யக்கூடியது: கார் செயலியில் தகவல் பகிர்வு அனுமதிகளைத் தேடி அணையுங்கள். காரை விற்கும்போது திரையில் ஃபேக்டரி ரீசெட் செய்து (சேமித்ததை எல்லாம் அழித்து), செயலிக் கணக்கிலிருந்தும் காரை நீக்கிவிடுங்கள். போனை இணைத்திருந்தால் உங்கள் தொடர்பு எண்கள்கூட காரின் நினைவகத்தில் கிடக்கலாம்.