மஞ்சள் பைத்திய எறும்பு உண்மையிலேயே ஆபத்தானதா?

"கடிக்கவே கடிக்காத எறும்புக்கு ஏன் இவ்வளவு பயம்?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

கடிக்காது, கொட்டாது என்பது சரிதான். ஆனால் ஃபார்மிக் அமிலம் என்ற எரிச்சலூட்டும் திரவத்தைப் பீய்ச்சும். 2022-ல் திண்டுக்கல் மாவட்டம் நத்தம் பக்கம் கரந்தமலை அடிவாரத்தில், ஆடு மாடுகளின் கண்ணைக்கூட இது பாதித்ததாக விவசாயிகள் முறையிட்டார்கள்.

நாலு எறும்பைப் பார்த்ததும் பதற வேண்டியதில்லை. இந்த எறும்பு நம் பகுதிகளில் வெகுகாலமாகவே இருக்கிறது. பார்க்க வேண்டியது அடர்த்தியை. ஒரு கூட்டில் பல ராணிகள் இருக்கும். பக்கத்துப் பக்கத்துக் கூடுகள் சண்டை போடாமல் ஒன்றாகி, ஏக்கர் கணக்கில் பெருங்கூட்டமாகப் பரவும். அந்த நிலைக்கு வந்துவிட்டால்தான் விபரீதம். இந்தியப் பெருங்கடலில் ஆஸ்திரேலியாவுக்குச் சொந்தமான கிறிஸ்துமஸ் தீவில் கோடிக்கணக்கான சிவப்பு நண்டுகள் அப்படித்தான் செத்தன.

தரையை மட்டும் பார்த்தால் போதாது, மரத்தையும் பாருங்கள். மரத்தில் ஒட்டிக்கொண்டு சாறு உறிஞ்சும் செதில் பூச்சிகள் கசியவிடும் இனிப்புத் திரவம்தான் அந்தப் பெருங்கூட்டத்துக்குச் சோறு. அதனால்தான் கிறிஸ்துமஸ் தீவில் 2016-ல், செதில் பூச்சியை அழிக்கும் மிகச்சிறிய குளவியை மலேசியாவிலிருந்து கொண்டுவந்து விட்டார்கள். தயவுசெய்து கண்டபடி மருந்து தெளிக்காதீர்கள். மற்ற எறும்புகளும் தேனீக்களும் சேர்ந்து சாகும்.